கான்ஃபரன்ஸ் மாறினால் ஒரு கூடைப்பந்து அணிக்கு என்ன ஆகும்? யூகானை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அணிகள் அடிக்கடி ஒரு கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றுக்குப் போகின்றன. இதனால் ஆட்டம் உண்மையிலேயே மாறுமா? கனெக்டிகட் பல்கலைக்கழகம் பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பிய மூன்றாவது பருவத்திலேயே கோப்பை வென்றது அந்த மாற்றத்தால்தானா? நாளை பிக் 12 கூப்பிட்டால் அவர்கள் போகலாமா?"

மாறும். ஆனால் என்னென்ன எந்த வரிசையில் மாறுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டிலேயே பயணம் மாறிவிடும். பிறகு அரங்குக்கு வரும் கூட்டம் மாறும். அதன் பிறகு, எந்த ஊர்ப் பையன்கள் உங்கள் கல்லூரியைப் பொருட்படுத்துகிறார்கள் என்பது மாறும். ஆட்டம் கடைசியில்தான் மாறும். அது மாறுகிற நேரத்தில் பயிற்சியாளர் யார் என்பது கான்ஃபரன்ஸின் பெயரைவிடப் பெரிய விஷயமாகியிருக்கும். யூகான் என்று எல்லோரும் அழைக்கும் கனெக்டிகட், ஒரு கான்ஃபரன்ஸை இழந்து, வேறொன்றில் தவித்து, பழையதற்கே திரும்பிய அணி. எனவே அதை வைத்தே சொல்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் முதல் நிலைக் கல்லூரி அணிகள் 360க்கும் மேல் இருக்கின்றன. இவை முப்பதுக்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்களாகப் பிரிந்து ஆடுகின்றன. கான்ஃபரன்ஸ் என்றால் கல்லூரிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு அமைத்துக்கொண்ட லீக். ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடும் முப்பது சொச்சம் ஆட்டங்களில் 18 அல்லது 20 இந்த லீக்குக்குள்தான். அதாவது நவம்பர், டிசம்பரில் யாரோடு மோதுவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஜனவரி, பிப்ரவரியை லீக் முடிவு செய்துவிடும். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியத் தொடர் மார்ச்சில் நடக்கும்; நான் கோப்பை என்று சொல்வது அதன் கோப்பையைத்தான். அதில் 68 அணிகளுக்கு இடம். ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் சாம்பியனும் நேராக உள்ளே போகும். மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு தன் கணக்கின்படி நிரப்பும். இந்தக் கணக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிக் ஈஸ்ட் 1979இல் பிராவிடன்ஸ் கல்லூரியின் டேவ் கேவிட் முன்னின்று உருவாக்கியது. வடகிழக்கு அமெரிக்காவின் பெருநகரங்களில் கூடைப்பந்தை மட்டுமே மூலதனமாக வைத்திருந்த கல்லூரிகளை ஒன்றாகத் திரட்டித் தொலைக்காட்சிக்கு விற்பது அவர் திட்டம். அது அபாரமாகப் பலித்தது. 1985இல் என்சிஏஏ தொடரின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட்டிலிருந்து வந்தவை. யூகான் முதல் நாளிலிருந்தே உறுப்பினர். ஆனால், கான்ஃபரன்ஸ்தான் அணியை உருவாக்குகிறது என்று நம்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அப்படிப்பட்ட லீக்கில் சேர்ந்த பிறகும் 1990 வரை யூகான் ஒரு தடவைகூட என்சிஏஏ தொடருக்குத் தகுதி பெறவில்லை. ஜார்ஜ்டவுனும் சிராக்யூஸும் வந்து அடித்துவிட்டுப் போகும் இடமாகத்தான் அது இருந்தது. 1986இல் ஜிம் கல்ஹூன் வந்தார். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் புகுந்து பையன்களைப் பிடித்தார். 1999, 2004, 2011 என மூன்று கோப்பைகள் வந்தன. பத்தாண்டுக் காலம் சும்மா கிடந்த பிக் ஈஸ்ட் உறுப்பினர் பதவி, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் வந்ததும் பொன்னானது.

பிறகு கால்பந்து வந்து எல்லாவற்றையும் கலைத்தது. நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணத்தின் பெரும்பங்கு அதற்குத்தான். எனவே கான்ஃபரன்ஸ் மாற்றங்கள் பெரும்பாலும் கால்பந்துக்காக நடக்கின்றன. கூடைப்பந்து அணி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. சிராக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் ஏசிசி கான்ஃபரன்ஸுக்குப் போவதாக 2011இல் அறிவித்தன. 2012இல் மேரிலாந்து ஏசிசியைவிட்டு பிக் டென்னுக்குப் போவதாகச் சொன்னதும், காலியான இடம் தனக்குத்தான் என்று யூகான் எதிர்பார்த்தது. ஏசிசி லூயிவில்லைத் தேர்ந்தெடுத்தது. 2013இல் ஜார்ஜ்டவுன், வில்லனோவா, செயின்ட் ஜான்ஸ் உள்ளிட்ட ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் தனியே பிரிந்தன. பிக் ஈஸ்ட் என்ற பெயரையும், நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் தங்கள் தொடரை நடத்தும் உரிமையையும் கையோடு எடுத்துக்கொண்டு போயின. எஞ்சியவர்கள் 'அமெரிக்கன்' என்று பெயர் வைத்துக்கொண்ட லீக்கில் நின்றார்கள். யூகான் அங்கேதான் நின்றது.

அந்த முதல் பருவத்திலேயே, அதாவது 2014இல், யூகான் கோப்பை வென்றது. கெவின் ஓலி பயிற்சியாளர். ஷபாஸ் நேப்பியர் நாயகன். இறுதியாட்டத்தில் கென்டக்கியை 60-54 என்று வீழ்த்தினார்கள். கான்ஃபரன்ஸ் ஒரு பொருட்டே இல்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது செல்லாத ஆதாரம். நேப்பியர் யூகானில் சேர்ந்தது 2010இல், பிக் ஈஸ்ட் காலத்தில். 2011இல் கல்ஹூனின் கோப்பை அணியிலும் அவர் இருந்தார். பழைய லீக்கின் பெயரைக் கேட்டு வந்த வீரர்கள் புதிய லீக்கின் சட்டையில் வென்றார்கள், அவ்வளவுதான். போதாததற்கு, கடைசி நான்குக்குத் தகுதி பெற்றுத்தந்த ஆட்டம் நடந்ததும் மேடிசன் ஸ்குவேர் கார்டனில்தான். அரங்கு முழுக்கச் சொந்த ஜனம். அந்தக் காலத்தில் ஒரு மாணவர் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே கல்லூரியில் ஆடுவது வழக்கம். ஆகவே கான்ஃபரன்ஸ் மாற்றத்தின் விளைவு மைதானத்தில் தெரிய மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும்.

பிடித்தது. அமெரிக்கனில் ஆடிய ஏழு பருவங்களில் யூகான் என்சிஏஏ தொடருக்குப் போனது இரண்டே முறை: 2014, 2016. அதன் பிறகு (வெற்றி-தோல்வி கணக்கில்) 16-17, 14-18, 16-17 என்று வரிசையாக மூன்று தோல்விப் பருவங்கள். கல்ஹூனின் முதல் ஆண்டுக்குப் பிறகு, முப்பது ஆண்டுகளாக, அப்படி ஒரு பருவமே அங்கு இருந்ததில்லை. 2018 மார்ச்சில் ஓலி நீக்கப்பட்டார்.

இதற்கு அமெரிக்கன்தான் காரணமா? யூகான் ரசிகர்களைக் கேட்டால் டல்சா, டுலேன், ஈஸ்ட் கரோலைனா என்று எதிரணிகளைப் பட்டியல் போட்டுப் புலம்புவார்கள். புலம்பலில் நியாயம் இருக்கிறது. யூகான் இருக்கும் ஸ்டோர்ஸ், மாட்டுப்பண்ணைகளுக்கு நடுவே உள்ள ஊர். அங்கிருந்து பிராவிடன்ஸுக்கும் நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் பஸ்ஸில் போய்வந்த அணி, இப்போது ஒர்லாண்டோ, டாம்பா, நியூ ஆர்லியன்ஸ், மெம்ஃபிஸ், டல்லாஸ், ஹியூஸ்டன் என்று விமானம் ஏறியது. முதல் பருவத்துக்குப் பிறகு, சாலை வழியில் போகக்கூடிய ஒரே எதிரணி ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள். ஊர்க்காரர்களுக்கும் உற்சாகம் வடிந்தது. பங்காளிச் சண்டைக்குப் பங்காளி வேண்டும். சிராக்யூஸ் வரும் நாளில் ஒரு மாதம் முன்பே டிக்கெட் தேடியவர், ஈஸ்ட் கரோலைனா வரும் புதன்கிழமை இரவில் பனியில் வண்டியோட்டிக்கொண்டு ஏன் வர வேண்டும்?

இதை இரண்டு ஆட்டங்களை வைத்துச் சொல்லலாம். 2009இல் பிக் ஈஸ்ட் தொடரின் கால்இறுதியில், கார்டனில், யூகானும் சிராக்யூஸும் ஆறு முறை கூடுதல் நேரம் ஆடின. சிராக்யூஸ் 127-117 என்று வென்றது. கல்லூரிக் கூடைப்பந்தைப் பின்தொடரும் யாரைக் கேட்டாலும் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். 2016இல் அமெரிக்கன் தொடரில், ஒர்லாண்டோவில், யூகானும் சின்சினாட்டியும் நான்கு முறை கூடுதல் நேரம் ஆடின. மூன்றாவது கூடுதல் நேரம் முடியும் கணத்தில் ஜேலன் ஆடம்ஸ் முக்கால் மைதானத் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. யூகான் 104-97 என்று வென்றது. ஆட்டமாகப் பார்த்தால் இரண்டாவதும் லேசுப்பட்டதல்ல. ஆனாலும் கனெக்டிகட்டுக்கு வெளியே அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. ஒரு லீக் தருகிற மிக மதிப்புள்ள பொருள் இந்த நினைவுதான். பதினாறு வயதுப் பையன் எந்தக் கல்லூரியைத் தேர்வது என்று யோசிக்கும்போது அது வேலை செய்கிறது.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். ஓலியின் காலத்தில் வேறு குழப்பங்களும் இருந்தன. 2016இல் அவர் சேர்த்த புதுமுகங்கள் நாடளாவிய பட்டியல்களில் உயரத்தில் இருந்தவர்கள். அமெரிக்கனில் இருந்துகொண்டே அவர்களைப் பிடித்திருக்கிறார்! பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே முக்கிய வீரர்கள் இருவர் காயமடைந்து வெளியேறினார்கள். விதிமீறல்களுக்காக 2019இல் என்சிஏஏ தண்டனை வந்தது. ஓலியை நீக்கிய விவகாரமே வழக்காகி, 2022இல் நடுவர் தீர்ப்பின்படி பல்கலைக்கழகம் அவருக்கு 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டியதாயிற்று. இவ்வளவையும் லீக்கின் தலையில் கட்டிவிட முடியாது.

லீக்கின் தலையில் கட்ட முடியாததற்கு இன்னும் வலுவான சாட்சி ஹியூஸ்டன். அதே அமெரிக்கன், அதே ஆண்டுகள், அதே ஆட்ட அட்டவணை. ஹியூஸ்டன் 1980களின் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கடைசி நான்குக்குப் போன அணி. 1996இல் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் கலைந்தபோது டெக்சாஸ், பெய்லர் போன்றவை பிக் 12இல் சேர, ஹியூஸ்டனைக் கைவிட்டார்கள். அணி தேய்ந்தது, 1993 முதல் 2017 வரையிலான இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, 2010இல், என்சிஏஏ தொடருக்குப் போனது. 2014இல் கெல்வின் சாம்ப்சன் வந்தார். ஆள்சேர்ப்புக்காகத் தொலைபேசியில் பேசும் விதிகளை மீறியதற்காக ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, கல்லூரி ஆட்டத்திலிருந்து விலகி இருந்தவர். பெரிய லீக் கல்லூரிகள் தயங்கிய ஆளை ஹியூஸ்டன் துணிந்து எடுத்தது. முதல் பருவம் 13-19. பிறகு பயிற்சிக்கூடம் கட்டினார்கள், 2018 டிசம்பரில் புதுப்பித்த அரங்கைத் திறந்தார்கள், 2021இல் கடைசி நான்குக்குப் போனார்கள். 2023இல் பிக் 12இல் நுழைந்தபோது, நாட்டின் மிகக் கடினமான லீக் இது, இப்போது பார்க்கலாம் என்று காத்திருந்தார்கள் பலர். முதல் பருவத்திலேயே 15-3 என்று முதலிடம். 2025இல் இறுதியாட்டம் வரை போய் ஃபுளோரிடாவிடம் 65-63 என்று தோற்றார்கள்.

ஒரே லீக்கில் ஒருவர் மூழ்கியபோது இன்னொருவர் ஏறியிருக்கிறார். இதற்கு நான் காணும் விளக்கம் இரண்டு. ஒன்று பயிற்சியாளர், அதைச் சொல்லிவிட்டேன். மற்றது இடம். அமெரிக்கன் ஹியூஸ்டனுக்கு வெளியூர் இல்லை. டல்லாஸ், நியூ ஆர்லியன்ஸ், டல்சா, மெம்ஃபிஸ் எல்லாம் அவர்கள் ஆள் தேடும் வட்டாரத்துக்குள்ளேயோ பக்கத்திலோ இருக்கின்றன. சாம்ப்சன் கூப்பிட்ட டெக்சாஸ் பையனின் தாயும் தகப்பனும் காரில் வந்து அவன் ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது. யூகான் கூப்பிட்ட பிரூக்லின் பையனின் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. லீக் பலமானதா பலவீனமானதா என்பதற்கு முன்னால், அது உங்கள் ஆள்சேர்ப்பு வரைபடத்தின் மேல் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. யூகான் 2018இல் டான் ஹர்லியை நியமித்தது. ஜெர்சி சிட்டிக்காரர். அவர் தந்தை பாப் ஹர்லி அங்கே செயின்ட் ஆன்டனி உயர்நிலைப் பள்ளியின் புகழ்பெற்ற பயிற்சியாளர். 2019இல் அமெரிக்கன் தன் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை இணையவழி ஒளிபரப்புக்கு நகர்த்தும் நீண்டகால ஒப்பந்தம் ஒன்றை ஈஎஸ்பிஎன்னோடு போட்டது. யூகான் பெண்கள் அணியின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய மாநிலத்தில் இது எடுபடவில்லை. அந்த ஜூனிலேயே பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள். விலகல் கட்டணம் 1 கோடியே 70 லட்சம் டாலர். விளையாட்டுத் துறையின் ஆண்டுப் பற்றாக்குறை 4 கோடி டாலரைத் தாண்டியிருந்த நேரம் அது. கால்பந்து அணிக்கு லீக்கே இல்லாமல் போய், அது தனித்து ஆட வேண்டிய நிலை. கூடைப்பந்துக்காகக் கால்பந்தைப் பின்னுக்குத் தள்ளிய முடிவு இந்தக் காலத்தில் மிக அபூர்வம். அந்தத் தெளிவுக்காகவே அன்றைய நிர்வாகத்தைப் பாராட்டுவேன்.

2020 ஜூலையில் திரும்பினார்கள். 2021இலும் 2022இலும் என்சிஏஏ தொடரின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். இதையும் மறக்கக் கூடாது. திரும்பிய மறுநாளே மாயம் எதுவும் நடந்துவிடவில்லை. 2023இல் கோப்பை. 2024இல் மறுபடியும் கோப்பை, 37-3 என்ற கணக்கோடு.

2023 பருவத்தின் விவரம்தான் எனக்கு மிகவும் சுவையானது. அந்த ஆண்டு யூகான் எட்டு ஆட்டங்களில் தோற்றது. எட்டும் பிக் ஈஸ்ட் அணிகளிடம். லீக்குக்கு வெளியே, என்சிஏஏ தொடரையும் சேர்த்து, 17 ஆட்டங்களில் 17 வெற்றி, ஒவ்வொன்றும் பத்துப் புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில். பிக் ஈஸ்ட்டில் அவர்கள் நான்காவது இடத்தைப் பகிர்ந்துகொண்ட அணி. நாட்டில் முதல் அணி! உங்களை நன்றாகத் தெரிந்த, ஆண்டுக்கு இரண்டு முறை மோதுகிற, உங்கள் ஒவ்வொரு அசைவையும் படம் பிடித்துப் படித்து வைத்திருக்கிற எதிரிகளிடம் ஜனவரி முழுக்க அடிவாங்குவது ஓர் அணியை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. டிசம்பர் கடைசி நாளில் தொடங்கி ஜனவரியில் எட்டு ஆட்டங்களில் ஆறு தோற்றபோது ஹர்லி ஆட்டமுறையைச் சீர்செய்தார். அதன் பலன் மார்ச்சில் தெரிந்தது. பலவீனமான லீக்கில் இருந்திருந்தால் அந்த ஓட்டைகள் மார்ச் வரை மறைந்தே இருந்திருக்கலாம்.

ஆனாலும் "திரும்பியதால்தான் வென்றார்கள்" என்று எழுதித் தர மாட்டேன். ஹர்லியை யூகான் எடுத்தது அமெரிக்கனில் இருந்தபோதே. பிரூக்லினின் ஜேம்ஸ் புக்நைட் என்ற வீரரும், திரும்பும் அறிவிப்புக்கு முன்பே வரச் சம்மதித்தவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் டிரிஸ்டன் நியூட்டன் எங்கிருந்து வந்தார்? ஈஸ்ட் கரோலைனாவிலிருந்து. யூகான் ரசிகர்கள் எந்தப் பெயரைச் சொல்லி அமெரிக்கனைக் கிண்டல் செய்தார்களோ, அதே கல்லூரியிலிருந்து. 2021 முதல் மாணவர்கள் ஒரு முறை அபராதமின்றிக் கல்லூரி மாறலாம் என்று ஆனது. பிறகு கட்டுப்பாடு இன்னும் தளர்ந்தது. வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அதே ஆண்டு வழி திறந்தது. நேப்பியர் காலத்து மூன்று நான்கு ஆண்டுத் தாமதம் இப்போது ஒரு கோடைக்காலமாகச் சுருங்கிவிட்டது. பெரிய லீக்குக்கு ஏறிய கல்லூரி அடுத்த ஆண்டே தகுந்த ஆட்களை வாங்கலாம். கீழே நின்றுவிட்ட கல்லூரி அதே வேகத்தில் ஆட்களை இழக்கும்.

மேலே ஏறியவர்கள் எல்லோருக்கும் நல்லது நடந்ததா என்றால், இல்லை. இண்டியானாபொலிஸின் பட்லர் 2010, 2011 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இறுதியாட்டம் ஆடியது. அப்போது அது ஹொரைசன் என்ற சின்ன லீக்கில் இருந்தது. அந்தப் புகழில் 2012இல் அட்லான்டிக் 10, 2013இல் பிக் ஈஸ்ட் என்று இரண்டு படி தாவியது. தாவிய அதே கோடையில் பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸ் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போய்விட்டார். முதல் பிக் ஈஸ்ட் பருவம் 14-17. நடுவில் சில நல்ல ஆண்டுகள் வந்தன. ஆனால் 2019 முதல் 2025 வரை ஒரு முறைகூட என்சிஏஏ தொடரில் இல்லை. சின்ன லீக்கில் மலைபோல் தெரிந்த அணி, பெரிய லீக்கில் சராசரி. பணம் கூடியிருக்கிறது, எதிரிகளின் தரம் கூடியிருக்கிறது, வெற்றி குறைந்திருக்கிறது. பட்லர் நிர்வாகம் இதை நட்டம் என்று சொல்லாது. பழைய ரசிகர்கள் என்ன சொல்வார்களோ. லயோலா சிகாகோவும் 2022இல் அட்லான்டிக் 10க்கு ஏறிய முதல் ஆண்டில் 10-21 என்று விழுந்தது. அடுத்த ஆண்டே லீக்கில் 15-3 என்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. எனவே முதல் பருவத்தை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. அதே 2013இல் பிக் ஈஸ்ட்டுக்கு ஏறிய கிரெய்ட்டன் நன்றாகவே நிலைத்தது. ஓமஹாவில் கூட்டத்துக்கு எப்போதுமே பஞ்சமில்லை.

பரிதாபம் விச்சிட்டா ஸ்டேட்டுடையது. மிசூரி வேலி கான்ஃபரன்ஸில் ராஜாவாக இருந்து, 2013இல் கடைசி நான்குக்குப் போய், நல்ல எதிரிகள் வேண்டும் என்று 2017இல் அமெரிக்கனுக்கு வந்தது. ஆறு ஆண்டுகளில் ஹியூஸ்டனும் சின்சினாட்டியும் பிக் 12க்குப் போய்விட்டன. யூகான் அதற்கு முன்பே போய்விட்டது. யாரோடு ஆட வந்தார்களோ அவர்களே இல்லை.

அவர்கள் விட்டுவந்த மிசூரி வேலியின் கதியையும் பார்க்க வேண்டும்; கான்ஃபரன்ஸ் மாற்றத்தைப் பேசும்போது பலரும் மறக்கிற பக்கம் இது. தேர்வுக் குழு பயன்படுத்தும் 'நெட்' என்ற தரவரிசைப் பட்டியல் 2018இல் வந்தது. அதன்படி, சொந்த ஊரில் முதல் 30 இடங்களில் உள்ள அணியை, அல்லது வெளியூரில் முதல் 75இல் உள்ள அணியை வென்றால் அது முதல்தர வெற்றி. பெரிய லீக்கில் இருக்கும் அணிக்கு அப்படிப்பட்ட வாய்ப்பு வாரம் ஒன்று வரும். பாதியைத் தோற்றாலும் மீதி போதும். சின்ன லீக்கில் அந்த வாய்ப்பே வராது. வருவதெல்லாம் தோற்றால் கெட்ட பெயர் வாங்கித் தரும் ஆட்டங்கள். மிசூரி வேலியிலிருந்து 2006இல் நான்கு அணிகள் என்சிஏஏ தொடருக்குப் போயின. கிரெய்ட்டன், விச்சிட்டா, லயோலா மூன்றும் கிளம்பிய பிறகு, 2024இல், இண்டியானா ஸ்டேட் 28-6 என்ற கணக்கோடும் 'நெட்'டில் முதல் 30க்குள் ஓர் இடத்தோடும் லீக் இறுதியாட்டத்தில் டிரேக்கிடம் தோற்றது. தேர்வுக் குழு அதைச் சேர்க்கவில்லை. அந்த வசந்தத்திலேயே அதன் பயிற்சியாளரும் முக்கிய வீரர்களும் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள்.

சின்ன லீக்கிலேயே இருந்துகொண்டு பெரிதாக வாழ முடியாதா? முடியும் என்று கொன்ஸாகா காட்டியது. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில் இருக்கும் இந்தச் சிறிய கல்லூரி 1999 முதல் ஒவ்வோர் என்சிஏஏ தொடரிலும் இருக்கிறது; 2017லும் 2021லும் இறுதியாட்டம் வரை போனது. எல்லாம் வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருந்தபடியே. வழி எளிது, செய்வது கடினம்: நவம்பர், டிசம்பரில் நாட்டின் பெரிய அணிகளைத் தேடிப் போய் ஆடுவது. லீக்கோடு பேரமும் பேசினார்கள். என்சிஏஏ தொடரில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் லீக்குக்கு ஒரு பங்குத் தொகை கிடைக்கும். ஆறு ஆண்டுகளில் மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். சம்பாதித்துக் கொடுப்பவனுக்கு அதிகப் பங்கு வேண்டும் என்று 2018இல் கேட்டு வாங்கினார்கள். லீக் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் 18இலிருந்து 16ஆகக் குறைக்க வைத்தார்கள். அப்படிப்பட்ட கொன்ஸாகாவே 2026இல் புதிய பாக் 12இல் (பிக் 12 அல்ல, இது வேறொரு கான்ஃபரன்ஸ்) சேரும் முடிவை எடுத்தது, தனித்து நின்று தாக்குப்பிடிப்பது எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

யூகானின் பெண்கள் அணியையும் விட்டுவிடக் கூடாது. ஜீனோ ஆரியெம்மாவின் அணி அமெரிக்கனில் ஏழு ஆண்டுகளில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்கவில்லை: 139-0. அதில் முதல் மூன்று ஆண்டுகள் கோப்பையும் வந்தது. பிறகு 2017இலும் 2018இலும் அரைஇறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் விழுந்த பந்துகளால் தோற்றார்கள். முதல் முறை தோற்றது, தொடர்ந்து 111 ஆட்டங்களை வென்று வந்த அணி. இரண்டு மாதம் முப்பது நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வென்றுகொண்டே இருந்தவர்களுக்கு நெருக்கடியான கடைசி நிமிடம் பழக்கமில்லை என்பது ஒரு வாதம். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். அப்படி ஒரு பந்து விழுவதும் விழாததும் யார் கையிலும் இல்லை.

கடைசியாக பிக் 12. 2024 செப்டம்பரில் யூகானுக்கும் பிக் 12க்கும் நடந்த பேச்சு நின்றுபோனது. மறுபடி தொடங்கினால்? பண ஆசை சாதாரணமானதல்ல. பிக் 12 உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் கிடைக்கிறது, பிக் ஈஸ்ட்டில் அதன் அருகில்கூட வராது. 2025-26 முதல் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாக ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை பகிரலாம் என்று ஆனபோது இந்த இடைவெளி இன்னும் உறுத்துகிறது. மறுபக்கம், பெரும்பாலும் கால்பந்துச் செலவே இல்லாத பிக் ஈஸ்ட் கல்லூரிகள் தங்களிடம் இருப்பதைக் கூடைப்பந்திலேயே கொட்ட முடியும். ஆட்டத் தரத்தில் இது 2013 போன்ற இறக்கம் ஆகாது. கான்சாஸ், ஹியூஸ்டன், அரிசோனா இருக்கும் லீக் அது. ஆனால் நியூ இங்கிலாந்தில் பிக் 12க்கு ஒரு கல்லூரியும் இல்லை. மறுபடியும் விமானம், இம்முறை டெக்சாஸின் லப்பக், மறுபடியும் ஒர்லாண்டோ.

நான் முடிவெடுப்பவனாக இருந்தால், ஹர்லியை வைத்துக் கணக்குப் போட மாட்டேன். அவர் இருக்கும்வரை எந்த லீக்கிலும் வெல்வார்கள். அவருக்குப் பிறகு வருபவர், முதல் இரண்டு ஆண்டுகள் தடுமாறும்போது, எந்த லீக்கில் இருந்தால் எழுந்திருப்பது எளிது என்று கேட்பேன். அந்தக் கணக்கில் என் வாக்கு பிக் ஈஸ்ட்டுக்கு. அங்கே தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பார்க்கவும் வில்லனோவா வரும் சனிக்கிழமை கூட்டம் வரும். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் உள்ள பள்ளிப் பயிற்சியாளர்கள் அந்தத் தோல்வியையும் நேரில் வந்து பார்ப்பார்கள். கால்பந்துத் துறை இந்தப் பதிலை ஏற்காது என்பது எனக்கும் தெரியும்.